இரண்டு கை பட்ட மூட்டை

போடிநாயக்கனூர்,
ஆடி 12, திங்கட்கிழமை.

அன்பு மகள் சூர்யகலாவுக்கு, அம்மா சந்திரவல்லி எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நடமாட்டமாக இருக்கிறோம். அதே போல நீயும் மாப்பிள்ளை பாண்டித்துரையும் அந்தக் குளிர் நாட்டில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க மலைமேல் பரமசிவன் துணை. தினம்தான் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் அந்தப் பேச்சை எடுத்தால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்பேன், இரண்டு வருஷமாக இப்படியே ஓட்டிவிட்டோம். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் போன் பண்ணு, பாதியில் பண்ணாதே.

சாரல் பிடித்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் மலையைக் காணவில்லை, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது, மூன்று மணிக்கு மறுபடி போய்விடுகிறது. தேவாரம் ஊரில் இருக்கிற உன் சின்னம்மாவின் மக்காச்சோளத்தை யானை மிதித்துவிட்டது, அவள் அந்த யானையைச் சொந்தக் கொழுந்தனைத் திட்டுவது போலப் பேர் வைத்துத் திட்டிக்கொண்டு திரிகிறாள். உன் அப்பா வழக்கம் போல ஜீப்பில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் போடிமெட்டுக்குப் போய் வருகிறார், முட்டி வலி இருக்கிறது, சொன்னால் இல்லை என்பார். கிட்டங்கியில் புதுக்காய் வரத்து ஆரம்பித்துவிட்டது. நாற்பது பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் பிரிக்கிறோம். ஒரு மணி நேரம் ஆனால் கை தன் பாட்டுக்குப் பிளந்த காயை ஒதுக்கிக்கொண்டே இருக்கும், மனசு எங்கேயாவது போய்விடும், அந்த வாசனையில் விழித்திருக்கிறோமா தூங்குகிறோமா என்றே தெரியாது. அப்போதெல்லாம் எனக்கு உன் தம்பி வருவான். மெட்டு ரோட்டில் பனிக்குள்ளிருந்து இறங்கி நடந்து வருவான், நீலச் சட்டை போட்டு, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. ஏழாவது வளைவு வரைக்கும் வருவான், அதற்குக் கீழே வரமாட்டான். அங்கே நின்று என்னைப் பார்த்து ஏதோ சொல்வான், வாய் அசையும், சத்தம் வராது. என்னப்பு, என்னப்பு என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருக்கிறவள் தோளைத் தொட்டு, அக்கா கண்ணு கலங்குது, தூசி விழுந்திருச்சா என்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி காயைப் பிரிப்பேன்.

போன புதன்கிழமை லீலாமணி டீச்சர் வந்திருந்தாள். அடிமாலியிலிருந்து பஸ்ஸில் போடிமெட்டு வரை வந்து, அங்கிருந்து உன் அப்பா ஜீப்பில் அழைத்து வந்தார். உன் தம்பி ராஜ்கமல் மெக்கானிக்காக ஏறி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுந்துபோன அந்தப் பழைய ராணுவ விமானத்தை ஓட்டினவன் அவள் மகன் அனூப். இந்த மலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நம் பையன், இரண்டு பேரும் மேலே பறக்கும்போது இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்களாம். ஒரு தடவை திருவனந்தபுரம் போய் இறங்கியதும், அம்மா, மேலேருந்து பாத்தா மெட்டு ரோடு அக்கா ரிப்பனை அவுத்துப் போட்ட மாதிரி கெடக்கு என்று ராஜ்கமல் போன் பண்ணினானே, அன்றைக்கு அவனுக்காக விமானத்தைச் சாய்த்துக் காட்டினவன் இந்த அனூப்தான் என்று டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் மெலிந்துபோய்விட்டாள். சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. என்றெ மோன் ஆறு பேரைக் கொன்னான்னு ரிப்போர்ட்டுல ஒத்தை வரி எழுதி வெச்சிருக்காங்க சேச்சி, ஓட்டினவனோட தப்புன்னு, மிச்ச பேப்பர் எல்லாம் ரகசியமாம், காட்ட மாட்டாங்களாம், என்றாள். செத்துப்போன ஏழு பேரின் குடும்பமும் சேர்ந்து மனுக் கொடுத்தால் ரிப்போர்ட்டை முழுதாக வெளியிடச் சொல்லிக் கேட்கலாம், அந்த விமானத்தை யார் பார்த்தார்கள், பறக்கலாம் என்று யார் சொன்னார்கள் என்பது தெரிய வேண்டும், அதே மாதிரிப் பழைய விமானங்களில் இன்றைக்கும் நம் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். ஆறு குடும்பம் கையெழுத்துப் போட்டாயிற்று. போடாதவள் நான் ஒருத்திதான். டெல்லியில் மனுவை விசாரிக்கிற ஒரு குழு முன்னால் போய்ச் சொல்ல ஆவணி பத்தொன்பதாம் தேதி நாள் கொடுத்திருக்கிறார்கள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சாயாவில் ஆடை விழுந்திருக்கிறது என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

ஏன் போடவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ வந்திருந்தபோது, பின்கட்டில் வைத்து உன் போனில் அவன் குரலைப் போட்டாய். விமானம் விழுவதற்கு முந்தின நாள் உனக்கு அனுப்பினது. அக்கா, எடது எஞ்சின்ல எண்ணெ கசியுது, எழுதி வச்சேன், பெரிய ஆபீசரு வந்து நாளைக்குப் போயே ஆகணும் கையெழுத்தப் போடுறான்னாரு, போட்டுட்டேங்க்கா என்று வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உன் கையைத் தட்டிவிட்டேன். போன் சிமெண்டுத் தரையில் விழுந்து மூலை உடைந்தது. அழிச்சிரு, இப்பவே அழிச்சிரு, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாரு என்று உன்னிடம் சொன்னேன். பிறகு ஆறு மாதம் கழித்து அந்த ஒற்றை வரி ரிப்போர்ட்டு வந்ததே, அதில் நம் பையன் பேர் இல்லை என்று தெரிந்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். இன்னொருத்தி வயிற்றில் நெருப்பை வைத்த காகிதத்துக்கு நான் தேங்காய் உடைத்தேன் சூர்யா.

டீச்சர் போன மறுநாள் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பிரித்து முடித்த மூட்டையைத் தைக்கிறதுக்கு முன்னால் பிரித்தவள் பேர் போட்ட சீட்டை உள்ளே வைக்க வேண்டும். ஒரு மூட்டையில் இரண்டு பேர் கை பட்டிருந்தால் இரண்டு சீட்டு. ஏலத்தில் காய் சரியில்லை என்று மூட்டை திரும்பி வந்தால் கணக்குப்பிள்ளை வாயைப் பிரித்துச் சீட்டை எடுத்துச் சத்தமாகப் பேரை வாசிப்பார், அந்தப் பேர்க்காரி எழுந்து நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன். ஆனால் ஒரு தடவை நிற்கவில்லை. நீ ஏழாவது படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து கிடந்தாயே, அப்போது. உன்னிடம் வெரசாக வர வேண்டும் என்று பாதி பார்த்தும் பார்க்காமலும் ஒரு மூட்டையை முடித்தேன். அது திரும்பி வரும் என்று எனக்கே தெரிந்தது. என் பக்கத்து இடத்துக் கருத்தம்மா அதற்கு முந்தின வாரம்தான் செத்துப்போயிருந்தாள், அவள் சீட்டுக் கட்டு அப்படியே டப்பாவில் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளே போட்டேன். மூட்டை திரும்பி வந்தது. கணக்குப்பிள்ளை கருத்தம்மா என்று வாசித்தார், எல்லாரும் சும்மா இருந்தார்கள், செத்தவளை என்னத்தக் கேக்குறது, விடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த ரிப்போர்ட்டும் அதுதானே தாயி? அனூப் செத்துவிட்டான், எழுந்து நின்று நான் இல்லை என்று சொல்ல மாட்டான், அதனால் அவன் சீட்டைப் போட்டு மூட்டையைத் தைத்துவிட்டார்கள். நான் செய்ததைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள், அதனால்தான் எனக்கு அது தப்பாகவே படவில்லை போலிருக்கிறது.

கருத்தம்மாவின் மகள் சுகன்யா இப்போது எனக்கு இரண்டு இடம் தள்ளி உட்காருகிறாள். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று சொன்னேன். அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், எனக்கு அப்பவே தெரியும் அத்தே, எங்காத்தா கண்ண மூடிக்கிட்டே பிளந்த காய ஒதுக்கிப்புடும், அது பிரிச்ச மூட்டை ஒரு நாளும் திரும்பி வந்ததில்ல, அது சீட்டு டப்பாவும் உங்க கைக்கு எட்டுற எடத்துலதான கெடந்துச்சு, நீங்க என்னிக்காச்சும் சொல்வீகன்னு இருந்தேன் என்றாள். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இத்தனை வருஷம் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்து அவள் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், நான் அவளிடம் தீபாவளிப் பலகாரம் கொடுத்து வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவோடு ஜீப்பில் மேலே போனேன். ஆள் லோடு இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். ஏழாவது வளைவில் நிறுத்தச் சொன்னேன். பனி கண்ணாடியில் வந்து வந்து போனது, கீழே போடி தெரியவில்லை, ராசிங்காபுரம் தெரியவில்லை, நாங்களே ஒரு மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அங்கே வைத்து உன் தம்பி குரலைப் பற்றிச் சொன்னேன். செத்துவிடுவார் என்று பயந்தேனே, அவர் கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்தார். அப்புறம் சொன்னார், வல்லி, பிரேக்கு சரியில்லாத வண்டிய எடுக்க மாட்டேன்னு சொன்னதுக்கு அந்த மொதலாளி என்னய சோலிய விட்டு நிப்பாட்டுனான் ஞாபகம் இருக்கா, நான் சாவியக் குடுத்துட்டு இந்த ரோட்டுல நடந்தே எறங்கி வந்தேன், எனக்கு எறங்கி நடக்க ரோடு இருந்துச்சு, அவனுக்கு அது இல்ல, போட்டுட்டு அவனும் அதுலயேதான ஏறுனான். அதைச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். காரியத்தன்றுகூட அழாதவர். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, சூர்யாகிட்டச் சொல்லி அந்தக் கொரல அனுப்பச் சொல்லு என்றார்.

அதனால் டீச்சர் வைத்துவிட்டுப் போன மனுவில் இன்று காலை ஏழாவதாக நான் கையெழுத்துப் போட்டு அடிமாலிக்கு அனுப்பிவிட்டேன். டெல்லிக்கு நானும் உன் அப்பாவும் போகிறோம். ஆனால் வெறுங்கையோடு போக மாட்டேன். அந்தக் குரல் வேண்டும். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டது நம் பையன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், பள்ளிக்கூடத்தில் மாட்டியிருக்கிற அவன் படத்தை எடுத்தாலும் எடுப்பார்கள், ஆறு தாய்மார் என் மூஞ்சியில் விழிக்காமல் போனாலும் போவார்கள். எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் பேரை அவன் மூட்டையில் வைப்பதற்கு அவனைப் பெற்றவள் பயந்தால், அனூப்பின் பேர் காலத்துக்கும் அங்கேயே கிடக்கும். அதுவும் போக, அந்த மூட்டையில் இரண்டு கை பட்டிருக்கிறது. ராஜ்கமல் சீட்டை எடுத்தால், போடுறா என்று சொன்னவன் கையின் சீட்டு எங்கே என்று அவர்களைக் கேட்கலாம். நான் கேட்பேன். எனக்கு ஹிந்தி தெரியாது, தமிழிலேயே கேட்பேன். டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லை. டெல்லிக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் அடிமாலிக்குப் போய் அவளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன், அவள் என்னைக் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வேன்.

நீ அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்? பத்தாவதில் முடியை வெட்டாதே என்றேன், வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். நர்ஸ் படிப்பு வேண்டாம் என்றேன், படித்தாய். அவ்வளவு தூரம் போகாதே என்றேன், போனாய். அதே மாதிரி இதையும் கேட்காமல் இருந்திருக்க வேண்டும் என்று பரமசிவனைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். அடங்காத பிள்ளையைப் பெற்றது இந்த ஒரு காரியத்துக்காவது உதவட்டும்.

குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றில் படுக்காதே. மாப்பிள்ளையிடமும் இதையெல்லாம் சொல்லு, அவருக்குத் தெரியாமல் நீ தனியாகச் சுமந்தது போதும், நான் உன் தலையில் வைத்த பாரம் அது, என்னை மன்னித்துக்கொள். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனசில் மறைக்க எதுவும் இல்லாமல், நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் உன் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அனுப்பும்போது வெட்டாமல் முழுதாக அனுப்பு. நாற்பது விநாடி என்று அன்றைக்குச் சொன்னாய், நான் கேட்டது பாதிகூட இருக்காது. போட்டுட்டேங்க்கா என்றதற்குப் பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இன்னும் தெரியாது தாயி.

உன் குரலுக்கும் அவன் குரலுக்கும் காத்திருக்கும்
உன் அம்மா,
க. சந்திரவல்லி