கஞ்சியும் தண்ணிதான், ஸ்டெல்லா

காலையில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கணுக்காலை அழுத்திப் பார்த்த ஸ்டெல்லாவுக்கு,

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து எனக்காக மட்டும் ஒரு வார்டு நடத்தினாயே, அது இன்னும் நடக்கிறது. நோயாளியும் நான், மேற்பார்வையும் நான். இப்படிப்பட்ட நிர்வாகம் எங்காவது உருப்பட்டிருக்கிறதா?

நம் ராயபுரத்து இரண்டாம் மாடியை விட்டு நான் இறங்குவதில்லை. என் இதயம் வைத்திருக்கிற பலத்துக்கு இறங்கலாம், ஏற முடியாது. ஜன்னலில் கன்டெய்னர் லாரிகள் தெரிகின்றன. துறைமுகத்துக்குள் எப்போது விடுவார்கள் என்று அவையும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வெயில் ஏற ஏற நானும் டிரைவர்களும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்துக்கொள்கிறோம். அவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கிறார்கள்.

எனக்கு உன் நீல பாட்டில். காலையில் நீ கோடு போட்ட இடம்வரை நிரப்பினால் அதுதான் அன்றைய ரேஷன். "பம்ப் வீக்கா இருந்தா தண்ணி மேல ஏறாது. முதல்ல கால்ல தேங்கும், அப்புறம் நெஞ்சுக்கு வரும்" என்பாய், ஏதோ மாநகராட்சிக் குழாயைப் பற்றிச் சொல்வதுபோல.

பாட்டிலை நான் ஏமாற்றவே இல்லை. ஆனால் தவக்காலம் வந்தது. பக்கத்து வீட்டு பிலோமினா தினமும் விரதக் கஞ்சியோடு வந்தாள்.

"ஆறிடப் போதுண்ணே, குடி."

"பிலோ, எனக்குத் தண்ணி அளவும்மா."

"தண்ணிக்குதானே அளவு? கஞ்சிக்கு இன்னா அளவு?"

வாழ்நாளெல்லாம் புத்தகம் படித்த என்னால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. தொட்டுக்கொள்ளக் கருவாடு. உப்பு என்றேன். "நான் ஒரு கல்லு கூட போடலண்ணே, அதுவே அப்டித்தான் கீது" என்றாள். மத்தியானம் மோர். சாயங்காலம் அவள் புருஷன் அருள் ரசத்தை டம்ளரில் கொண்டுவருவான். "மருந்து மச்சான், ஒரே இஸ்ப்புல குடிச்சிரு" என்பான். இருட்டும்போது பாட்டிலில் தண்ணீர் மிச்சமிருக்கும். பெருமையாக இருக்கும்.

எடை மெஷின் மட்டும் பெருமைப்படவில்லை. நாளுக்கு நாள் முள் வலது பக்கம் நகர்ந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஏறினால் எடை குறைகிறது என்று கண்டுபிடித்தேன். ஒரு கை போதவில்லையென்றால் இருக்கவே இருக்கிறது இன்னொரு கை. செருப்பு காலில் நுழையவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். தலையணைக்கு மேல் தலையணை வைத்து, கடைசியில் உட்கார்ந்தே தூங்கினேன்.

தெரியாமலா இருந்தேன்? "திடீர்னு எடை ஏறினா அது சதை இல்ல, தண்ணி. காத்திருக்காம கிளம்பி வாங்க" என்று நீ எத்தனை பேருக்குப் போனில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! ஆனால் போன மழைக்காலத்தில் நாம் இரண்டு பேரும் அந்தப் படியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒருவர்தான் திரும்பி ஏறினோம். மறுபடி இறங்கு என்றால் கால் எப்படி வரும்?

பெரிய வியாழன் காலையில் பிலோமினா கஞ்சியோடு வந்தபோது எனக்குப் பேச மூச்சு இல்லை. பாத்திரத்தைக் கீழே வைத்தாள். நீ செய்வதைப் பார்த்துப் பழகிய மாதிரியே என் காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது.

"பள்ளம் உயுந்துகீதுண்ணே! மேலயே வர்ல!" என்றவள், வாசலுக்கு ஓடிக் கத்தினாள். "யோவ் அருளு! ஆளுங்களக் கூட்டினு வாய்யா!"

துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள். "திருப்பத்துல சாய்ச்சு புடி. மெதுவாடா, ஒடையற சாமான்" என்று அருள் முன்னால் இறங்கினான். இவ்வளவு பத்திரமாக எந்தச் சரக்கும் இந்த ஊரில் இறங்கியிருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ இறங்கிய படிகளைப் பார்க்க வேண்டாம் என்றுதான்.

ஆஸ்பத்திரியில் நீர் பிரிய ஊசி போட்டார்கள். மூச்சிரைப்பு கொஞ்சம் அடங்கியதும் ஒரு நர்ஸ் வந்து என்ன குடித்தேன் என்று கேட்டாள். சின்னப் பெண்.

"தண்ணி அளவாத்தான்" என்றேன்.

"ஆமாம்மா, தண்ணியே குடிக்கல" என்று பிலோமினா எனக்குச் சாட்சி சொன்னாள். "கஞ்சி, மோரு, ரசம், எளனி, அவ்ளோதான்."

"கஞ்சியும் தண்ணிதாம்மா. ஊத்துனா ஓடுறது எல்லாமே தண்ணிக் கணக்குதான். கருவாட்டு உப்பு அந்தத் தண்ணிய உள்ளயே பிடிச்சு வச்சுக்கும்."

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். "நானே ஊத்தி ஊத்தி..." என்று அழ ஆரம்பித்தாள். அவளைத் தேற்றுகிற அளவுக்கு எனக்குக் காற்று இல்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"வீட்ல இவர யாரு பாத்துக்கறது?" என்றாள் நர்ஸ்.

"ஸ்டெல்லா அக்கா" என்றாள் பிலோமினா, கண்ணைத் துடைத்துக்கொண்டே, யோசிக்காமல்.

"அவங்கள ஒரு தடவ வரச் சொல்லுங்க. நான் பேசணும்."

பிலோமினா என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

வீக்கம் வடிந்து வீடு திரும்பிய அன்று, அதே நாற்காலியில் என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். ஒருவர் இறங்கி ஒருவரே ஏறினார். கணக்கு சரியாக இருந்தது. சிறை இப்போது முன்னைவிடக் கடுமை. பிலோமினா ஒரு டம்ளர் கஞ்சி தந்தால், என் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து உன் மல்லிச் செடிக்கு ஊற்றிவிடுகிறாள். செடி செழிப்பாக இருக்கிறது. கருவாடு ஜன்னல் வழியாக வாசனையாக மட்டும் வருகிறது. காலையில் மெஷின் பக்கத்தில் நின்று, "கைய எடுண்ணே செவுத்துலருந்து" என்று அதட்டுகிறாள். உன் குரல் அவளுக்கு எப்படிக் கிடைத்தது? நீயா கொடுத்துவிட்டுப் போனாய்?

அந்த நர்ஸ் உன்னை வரச் சொன்னாள். அந்தச் செய்தியை உன்னிடம் சேர்க்கத்தான் இதை எழுதினேன். உன்னால் வர முடியாது. நானும் அங்கே வர அவசரப்பட மாட்டேன். நாளைக் காலை பிலோமினா வர நேரமானாலும், யாரும் பார்க்காவிட்டாலும், இரண்டு கையையும் தொங்கவிட்டுத்தான் மெஷினில் ஏறுவேன். முள் என்ன சொல்கிறதோ அதை அப்படியே அவளிடம் சொல்வேன்.

சுவரை விட்ட கையோடு,
உன் வீட்டுக்காரன்
அல்போன்ஸ்