கடல்மேல் ஒன்றரை மணி நேரம்

6 பிப்ரவரி 2023, திங்கள்

ஒரகடம் மேம்பாலத்தருகே லாரி கவிழ்ந்து, ஆபீஸ் போய்ச் சேரவே பத்து மணி. போனதும் இடி. கடலோரக் காவல்படையின் ரோந்து விமானங்கள் கிழடாகிவிட்டன. புதியவை வாங்கும்வரை எங்கள் கம்பெனி வாடகைக்கு விமானம் கொடுக்கப் போகிறதாம். எந்த விமானம் என்று மதிப்பெண் போட்டுச் சொல்ல வேண்டியவள் நான்.

அந்தக் கிழட்டு விமானத்தில்தான் என் மகன் பிரவீன் பறக்கிறான். மேலாளருக்கும் தெரியும். "உங்களவிட அக்கறையா யாரு மேடம் பாப்பாங்க?" என்று சிரிக்கிறார்.

9 பிப்ரவரி

போட்டியில் இரண்டு. சின்னது எட்டு மாதத்தில் வந்துவிடும். ஆனால் நடுக்கடலுக்குப் போனால் ஒன்றரை மணி நேரம்தான் சுற்றலாம், அப்புறம் எரிபொருளுக்குத் திரும்ப வேண்டும். பெரியது ஐந்து மணி நேரம் நிற்கும். வர இருபது மாதம்.

கூட வேலை செய்யும் வனமாமலை தூத்துக்குடிப் பக்கம். "மேடம், போய்ச் சேந்தா மட்டும் போதுமா? அங்கன நின்னு தேடணும்லா" என்றான். நியாயம்தான். நியாயம் பேச யாருக்கு வலிக்கிறது? அவன் பிள்ளை எல்.கே.ஜி. படிக்கிறது.

14 பிப்ரவரி

பிரவீன் போன். நடுவானில் ஒரு என்ஜின் நின்றுவிட்டதாம், இன்னொன்றை வைத்து இறங்கினார்களாம். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்கிறான், கழுதை.

இவர் வல்லக்கோட்டைக்குப் போய் அவன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். விபூதியை நீட்டிக்கொண்டே, "இன்னா யோசன உனுக்கு? எது சீக்கிரமா வருதோ அத்த எடு. புள்ள உசுரோட கீறதுதான் முக்கியம்" என்றார்.

எனக்கு மட்டும் ஆசையில்லையா?

20 பிப்ரவரி

'கடல்மேல் நிற்கும் நேரம்' என்பதற்கு இருந்த மதிப்பெண்ணில் பத்தை உருவி, 'சீக்கிரம் கிடைப்பது' என்பதில் சேர்த்தேன். சின்னது ஜெயித்தது. கூட்டத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வனமாமலை மட்டும் என்னைப் பார்த்தான். பார்க்கட்டும். பெற்றவள் நான்.

17 ஜனவரி 2024

பிரவீன் புது விமானத்துக்கு மாறிவிட்டான். நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

12 டிசம்பர் 2024

புயல். தெற்கே ஒரு மீன்பிடிப் படகைக் காணவில்லை. தேடப் போனவர்களில் பிரவீனும் உண்டு. இங்கே படப்பையில் வீட்டில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜும் இல்லை.

13 டிசம்பர்

பத்திரமாக இறங்கிவிட்டான். படகைப் பற்றிக் கேட்டேன். "அப்பறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டான்.

21 டிசம்பர்

லீவில் வந்திருக்கிறான். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு தானாகவே சொன்னான்.

"கண்டுபுடிச்சோம்மா. கவுந்த படகு மேல ஆறு பேரு. கைய ஆட்டறாங்க. கப்பல் வர்ற வரைக்கும் நாங்க மேலயே சுத்திக்கினு எடத்த காட்டணும். டைம் முடிஞ்சிது, திரும்பிட்டோம். நாங்க திரும்பறதப் பாத்துட்டு ஒருத்தர் சட்டையக் கழட்டி ஆட்டினாரு. எரிபொருள் போட்டுக்கினு மறுபடி போனா, வெறும் தண்ணிதான்."

சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"உங்க கம்பெனில எவன்மா இந்த ப்ளேன எடுத்தது?"

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கமிட்டிதான்டா முடிவு பண்ணுச்சு" என்றேன்.

என் பிள்ளை உயிரோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தான். நான் கேட்டது அதுதான். ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து கை கழுவப் போனான்.