ஒரு கோட்டில் பதினேழு புள்ளி

12.6.95
மூன்று மாதமாக டிவி ரிப்பேர் கடையில் காளீஸ்வரனுக்கும் எனக்கும் இதே வேலை. பஸ் கம்பெனி ஆபீஸ் டிவியில் பஸ் நேரம் தெரிய வேண்டும். அதற்கு ஒரு சின்ன சிப். டிவியில் ஒரு கோடு கண்ணுக்குத் தெரிவது ஐம்பத்திரண்டு மைக்ரோ செகண்டு. சிப் ஒரு புள்ளியைத் திரைக்குத் தள்ள மூன்று எடுத்துக்கொள்கிறது. ஆக, பதினேழு புள்ளி. 'வீரசோழன்' என்று ஊர்ப் பெயர் போட்டால் 'வீ' மட்டும் வருகிறது.

"ஏலே இம்மானுவேலு, எட்டுப் புள்ளிய மொத்தமா வாங்கி வேகமா விடுற ஐசி இருக்குல்ல, அத வைப்போம்" என்றான் காளி. புரோகிராமிலேயே முடிக்கிறேன் என்றேன். வீம்பு.

15.6.95
காளி போய்விட்டான். கரண்ட் அடித்து.

19.6.95
இங்கேயாவது எழுத வேண்டும். வியாழன் மதியம் டிவி ப்ளக்கைக் கழற்றிச் செருகியது நான். தலைகீழாகத் திருப்பிச் செருகிவிட்டேன். அந்த மாதிரி செட்டில் அப்படிச் செருகினால் உள்தகடு முழுக்கக் கரண்ட். சிப்பின் ஒயரை மாட்ட அதில்தான் காளி கை வைத்தான்.

போலீஸிடம் 'அவனே செருகினான்' என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

2.7.95
அவன் இருமல் கேட்கிறது. பட்டப்பகலில்.

20.7.95
அவன் மனைவி மாரிக்கனி வந்தார். குடித்துவிட்டு டிவியைத் தொட்டான் என்று ஊரில் பேச்சாம்; மாமனாரே, காளியின் அப்பாவே, நம்புகிறாராம்.

"அவுக ஒரு சொட்டு தொட்டதில்லண்ணே. கூட இருந்தது நீங்க. நீங்க வந்து சொல்லுங்க."

தலையாட்டினேன். போகவில்லை.

11.8.95
காளி சொன்ன ஐசியை வைத்தேன். வீரசோழன், காரியாபட்டி — முழுப் பெயரும் ஆடாமல் நிற்கிறது. "பாத்தியாலே" என்று முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். ஆளில்லை.

12.8.95
காளி வீட்டுக்குப் போனேன். மாமனார் பால்சாமியும் இருந்தார்.

"செருகுனது நான். அவன் குடிக்கல. போலீஸ்ல பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று நின்றேன். மகன் பேரைச் சொல்லிச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். மாரிக்கனி கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு மாசமா எங்க மூஞ்சிய எப்பிடிண்ணே பாத்தீக?"

14.8.95
ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கூப்பிடும்போது வரச் சொன்னார்கள்.

3.9.95
மாரிக்கனியும் பால்சாமியும் இன்று கடை வழியாகச் சந்தைக்குப் போனார்கள். மாமனார் பை தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். மாரிக்கனி தலை நிமிர்ந்து, எதிரே வந்தவர்களிடமெல்லாம் நின்று பேசினார். என் கடைப் பக்கம் திரும்பவில்லை.