நான்காவது ஷரத்து

ஜனவரி 8, வியாழன்

காலையிலிருந்து குழாய்த் தண்ணீர்ப் புகார்தான். வார்டு கவுன்சிலர் என்றால் குழாய் ரிப்பேர்காரி என்று நினைப்பு. மத்தியானம் பெரிய தலைவலி வந்தது. மயில்சாமியின் தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கிய இருபத்திரண்டு குடும்பங்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. பொழுது சாய்ந்தால் கேட்டுக்குப் பூட்டு. பூட்டை உடைப்போம் என்கிறார்கள் தறித் தொழிலாளர் சங்கத்து ஆட்கள். கையை உடைப்போம் என்கிறார்கள் மயில்சாமி ஆட்கள். தேர்தல் முடிகிற வரைக்கும் பள்ளிபாளையத்தில் சத்தமே கூடாது என்று இரண்டு கட்சிக்காரர்களும் எனக்குப் போன். இதில் மட்டும் என்ன ஒற்றுமை!

ஜனவரி 19, திங்கள்

முடித்துவிட்டேன்! கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரப் பேச்சு. பூட்டை எடுக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், வாரத்தில் ஒருநாள் லீவு. மயில்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான்காவது ஷரத்து மட்டும் அவருடையது.

"பூட்டு இல்லீன்னா ஓடிருவாங்க அம்மிணி. ஓடுனா நீங்களே கூட்டிட்டு வந்து உடோணும். அதுக்கு ஒத்துக்கங்க, மத்ததுக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

சங்கத்துக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினார். நான்தான் சொன்னேன்: "பூட்டே இல்லாதப்ப யாருங்க ஓடப் போறாங்க?" அவரும் போட்டார்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பட்டறையிலிருந்து ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின. நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினாள் ரஞ்சிதா. மயில்சாமி பட்டறையில் தறி ஓட்டுகிறவள், இடுப்பில் கைக்குழந்தை. காவிரிப் பாலம் வரைக்கும் போய்விட்டு, அந்தப் பக்கம் ஈரோட்டில் யாரைத் தெரியும் என்று பயந்து என்னிடம் வந்திருக்கிறாள்.

"மேஸ்திரி எம்மேல கைய வெக்கறானுங்கக்கா. ஊட்டுக்காரருகிட்டச் சொன்னா வெட்டுக்குத்தாயிரும். எங்கியாச்சும் அனுப்பி வைங்க."

குழந்தை அழுதது. பால் காய்ச்சிக் கொடுத்தேன். அதற்குள் மயில்சாமியின் போன். "நாலாவது ஷரத்துங்க அம்மிணி. இல்லீன்னா இன்னைக்கே பூட்டு."

இருபத்திரண்டு குடும்பம். ஒன்பது பிள்ளைகள். ஒருத்திக்காக எல்லாம் போகட்டும் என்று விடுவதா?

என் ஸ்கூட்டியில்தான் ஏற்றிக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டேன். மேஸ்திரியை மாற்றச் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கேன்ல? வேற என்னதான் பண்ணட்டும் நான்?

பிப்ரவரி 21

பட்டறை வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

மார்ச் 11, புதன்

மேஸ்திரியை மாற்றவேயில்லை. ரஞ்சிதாவின் புருஷன் செல்லமுத்துவுக்கு விஷயம் தெரிந்து, நேற்று மேஸ்திரியின் சட்டையைப் பிடித்திருக்கிறான். உடனே கேட்டில் பழையபடி பூட்டு. இன்று காலை சங்கத்தார் போய் உடைத்தார்கள். மயில்சாமி ஆட்கள் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். அந்த அடிதடியில் பட்டறை எரிந்துபோயிற்று. கம்பியடி பட்டுச் செல்லமுத்து செத்துப்போனான்.

எது நடக்கக் கூடாது என்று அவளைத் திருப்பி விட்டேனோ, அது நடந்தே விட்டது. ஐயோ, அன்னைக்கே ஒரு பஸ் ஏத்தி விட்டிருக்கலாமே! யார் என்னைத் தடுத்தாங்க?

மார்ச் 16, திங்கள்

அதே கல்யாண மண்டபத்தில் கோட்டாட்சியர் விசாரணை. எல்லாக் குடும்பங்களுக்கும் கொத்தடிமை விடுதலைச் சான்று தரப்போகிறார்கள். ரஞ்சிதாவிடம் கேட்டார்: "தப்பிச்சுப் போனீங்களாமே, திரும்பக் கொண்டுவந்து விட்டது யாரும்மா?"

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"நானேதானுங்க வந்துட்டேன்."

வெளியே வந்த பிறகுதான் கேட்டேன், ஏன் சாமி அப்படிச் சொன்னே என்று.

"அன்னைக்குக் கொழந்தைக்குப் பால் காச்சிக் குடுத்தீங்களேக்கா."

நாளைக் காலை இந்த நோட்டைக் கோட்டாட்சியரிடம் கொடுக்கப் போகிறேன். பிப்ரவரி 20 பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.