உம்மா சொல்லாத ‘ஏலா’

பெப். 16, திங்கள்
விடியத் தூறல், பிறகு வெயில். உம்மாவோடு சீனி வருத்தக் கிளினிக். அங்கே நான் சொல்லாதது: “இல்லை டொக்டர், உம்மாவால் எழும்ப ஏலாது.”

நிலத்திலிருந்து தனியாக எழும்புவீர்களா என்று டொக்டர் கேட்டார். சின்ன வயதுப் பெண். “நான் ஒவ்வொரு நாளும் கடற்கரை றோட்டால நடக்கிற ஆள் மகள்,” என்றார் உம்மா. கேள்விக்கு அது பதிலே இல்லை. டொக்டர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கிளினிக் கொப்பியைப் பைக்குள் வைத்தேன்.

வரும் வழியில் பப்பாசி. பழுக்கவில்லை.

பெப். 17, செவ்வாய்
மத்தியானம் வரை கரண்ட் இல்லை.

உம்மா இப்போது தொழுகை விரிப்பான முசல்லாவைக் கட்டிலோடு ஒட்டித்தான் விரிக்கிறார். அஸர் தொழும்போது கதவிடுக்கால் பார்த்தேன். நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்பக் கட்டில் காலைப் பிடித்தார். முதலில் ஒரு முழங்கால். பிறகு இடுப்பு. பிறகு நீண்ட மூச்சு. பார்த்த எனக்கு வெட்கம்.

எங்கெங்கோ தேடி வாசித்தேன். நன்றாக நடப்பவர்களுக்கும் இப்படி எழும்ப ஏலாமல் வருமாம். நடக்கிற பலம் வேறு, உடம்பை மேலே தூக்குகிற பலம் வேறு. உம்மாவுக்கோ சீனி, முழங்கால் தேய்வு, இடது கண் மங்கல். கிணற்றடியில் வழுக்கியதிலிருந்து பயம். வாப்பாவை மௌத்து கொண்டுபோன பிறகு ஒழுங்கான தூக்கமில்லை, ராச்சாப்பாடு ஒரு துண்டுப் பாணும் பிளேன்டீயும். றோட்டில் பார்க்கிறவர்களுக்கு இதில் எது தெரியும்?

பெப். 18, புதன்
நோன்புப் பிறைச் செய்திக்குக் காத்திருப்பு. கஞ்சிக்கு அரிசி வாங்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பரீதா மாமி வந்தார், உம்மாவோடு நடப்பவர். “உங்கட உம்மாக்குப் பின்னால போய் எங்களுக்கு மூச்சு வாங்குது புள்ள.” உம்மாவுக்குப் பெருமை.

மாமி போன பிறகு மெல்லச் சொன்னேன், நோன்பு இரவுத் தொழுகை தராவீஹுக்குக் கதிரை வைத்துக்கொள்ளலாமே என்று. போன நோன்பில், கதிரையில் உட்கார்ந்து தொழுத பெண்களுக்குக் ‘கதிரைக் கட்சி’ என்று பெயர் வைத்ததே உம்மாதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

“அந்தக் கட்சியில சேர எனக்கென்ன, ஏலாதா?”

எங்கள் ஊரில் இந்த ஒரு வேலை முடியாது என்பதற்கும் ‘ஏலா’. ஆளே படுக்கையில் விழுந்துவிட்டார் என்பதற்கும் ‘ஏலா’. நடுவில் உம்மா பிடித்துக்கொள்ள ஒரு சொல் இல்லை.

பெப். 21, சனி
நேற்றுத் தராவீஹ், பெண்கள் தொழும் இடத்தில். உம்மா என் பக்கத்தில், வெறும் பாயில். பிடிக்க ஒன்றுமில்லை.

முதல் தொழுகையிலேயே. சுஜூதிலிருந்து வரிசை முழுவதும் எழும்பியது. உம்மா எழும்பவில்லை. கைகளை ஊன்றினார், வழுக்கியது. மறுபடி ஊன்றினார். ஓதல் தொடர்ந்தது. “புள்ள,” என்றார், பாயைப் பார்த்தபடி.

தொழுகையை முறித்து, கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன்.

இன்று விடியச் சுபஹு தொழுத பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.