சோறு ஆறுது, வா

அக்கா,

தட்டை நேற்று முன்தினம்தான் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனேன். இன்று காலை வந்து எடுத்தால் மறுபடியும் அந்த வாடை. ஏரிச் சேற்று வாடை. எவர்சில்வரில் எங்கேடி வாடை தங்கும் என்று நீ கேட்பாய். என் மூக்கு பொய் சொல்லாது. விளிம்பில் புள்ளி புள்ளியாகக் குத்திய உன் தம்பி பெயர் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. சேகர். அந்தப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிறதோ என்னவோ.

இந்தத் தட்டு உன் கைக்குத் திரும்பி வந்த நாள் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அரியலூருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இந்த ஏரி முன்பு எப்படி இருந்தது என்று சொன்னால் நம்புவதில்லை. நம் தெருவில் ஒரு வீட்டுக்கும் ஏரிப்பக்கம் ஜன்னல் கிடையாது. ஊர்ச் சாக்கடை மொத்தமும் அதில்தான் விழும். அதன் மேல் ஆகாயத்தாமரை, ஆகாயத்தாமரை மேல் சிமெண்ட் லாரிகள் கிளப்பிய புழுதி. அடியில் தண்ணீர் இருக்கிறது என்பதே நம்பிக்கைதான், பார்த்தவர் யாருமில்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், போனவர் படுத்த பாயையும் தலையணையையும் சாப்பிட்ட தட்டையும் சுருட்டிக் கொண்டுவந்து அங்கே வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள்.

உன் வீட்டுக்கு மட்டும் ஏரியைப் பார்த்து ஒரு பின்கதவு. விளக்கு வைக்கிற நேரத்தில் அதைத் திறந்துகொண்டு நின்று, "சேகரு, சோறு ஆறுது, வா" என்று கூப்பிடுவாய். பக்கத்து வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிற நான் அந்தக் குரல் கேட்டால்தான் எழுந்து லைட்டைப் போடுவேன். உன் குரல் அந்தப் பச்சைக்குள் போய் அப்படியே அடங்கிவிடும்.

லாரி கிளீனராக இருந்த பையன். ஒரு சாயங்காலம், "டீ குடிச்சிட்டு வந்துடறேன்க்கா" என்று அந்தக் கதவு வழியாகத்தான் போனான். வரவில்லை. வடக்கே எங்கோ லாரியில் போய்விட்டான் என்றது பாதி ஊர். ஏரிக்குள் போய்விட்டான் என்றது மீதி ஊர். ஆகாயத்தாமரையை விலக்கிப் பார்க்க மட்டும் ஒருத்தரும் கிளம்பவில்லை. உன் சித்தப்பா வரும்போதெல்லாம், "ஒரு வைக்கோல் பொம்மையாச்சும் செஞ்சு கொளுத்திக் காரியத்தை முடிச்சிடலாம்மா. புள்ள அலையுதுல்ல" என்பார். நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "கண்ணால பாக்காம கொள்ளி வைக்க வுட மாட்டேன்."

திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு நீ மனு கொண்டுபோனபோது ஊரே உன்னைப் புகழ்ந்தது. ஏரியைத் தூர்வார வேண்டும், நடக்கப் பாதை வேண்டும், பிள்ளைகளுக்குப் பூங்கா வேண்டும், படகு வேண்டும். அடேயப்பா! நீயா வாக்கிங் போகிற ஆள்? பால் வாங்கக்கூட என்னைத்தான் விரட்டுவாய். உனக்கு வேண்டியது ஏரியின் தரை. அங்கே அவன் கிடக்கிறானா இல்லையா என்று தெரிய வேண்டும், கிடந்தால் அழுது தீர்க்க வேண்டும், இல்லையென்றால் சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருவழியாகச் சாக்கடையைத் திருப்பிவிட்டார்கள். பொக்லைன் இறங்கியது. நீ கரையில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாய். மேலே வந்ததெல்லாம் நம் ஊர்ச் செத்தவர்கள் சாமான்தான். பிளாஸ்டிக் பாய், மூக்குக் கண்ணாடி, மருந்து டப்பா, பல் செட் ஒன்று. இன்னும் ஆழம் போனதும் கல்லாகிப்போன நத்தைகள். எந்தக் காலத்திலோ இங்கே கடல் இருந்ததாம். வேடிக்கை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தன் மாமியாருடைய வெற்றிலை இடிக்கிற உரலை அடையாளம் கண்ட ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அப்போதுதான் டிரைவர் எதையோ குனிந்து எடுத்துத் துடைத்து, "சேகருன்னு பேரு போட்டிருக்குங்க" என்றான்.

உன் வீட்டு அலமாரியிலிருந்து என்றைக்கோ காணாமல்போய், நீ மூலை முடுக்கெல்லாம் தேடிய தட்டு. நீ குடையைக் கீழே போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினாய். "தட்டு இங்க இருந்தா ஆளும் இங்கதான்" என்று யாரோ சொல்ல, டிரைவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "எலும்பு மேல என்னால பக்கெட் வைக்க முடியாதுங்க" என்று கரையேறிவிட்டான். உன் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது.

உன் சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான்தாம்மா போட்டேன்" என்றார். உனக்குத் தெரியாமல் கொள்ளிடக்கரையில் வைக்கோல் பொம்மையைக் கொளுத்திக் காரியம் செய்திருக்கிறார். காரியம் செய்தால் பாயையும் தட்டையும் ஏரியில் போட வேண்டுமே! நீ ஊரில் இல்லாத ஒரு நாள் எடுத்துக்கொண்டுவந்து முறையாக வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறார். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

"உசிரோட இருக்கறவனுக்கா கொள்ளி வச்சீங்க? நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. கொஞ்ச நேரம் போனதும் சேற்றில் உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு நான் பயந்ததைப் போல எதற்கும் பயந்ததில்லை.

வேலை முடிந்து தரை வெளுத்துக் கிடந்தபோது நீயும் நானும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தோம். "இல்லடி. இங்க இல்ல" என்றாய். முகத்தில் சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கே அந்தத் தட்டில் சூடாகச் சோறு போட்டு மூடி வைத்தாய்.

மழை வந்து ஏரி ரொம்பியது. முதல்முறையாகத் தண்ணீரில் நம் வீடுகள் தலைகீழாகத் தெரிந்தன. அன்றும் விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட்டாய். "சேகரு, சோறு ஆறுது, வா." எதிர்க்கரையில் இருந்த குடோன் சுவரில் பட்டுத் தண்ணீர் மேலேயே அது திரும்பி வந்தது. "...வா." உன் கை கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டது.

"ஏடி, அவன் என்னையக் கூப்பிடறான்டி."

"ஒன் சத்தம்தான்க்கா திரும்புது. சும்மா இரு."

"தெரியும்டி. இருந்தாலும் இத்தன நாளா கூப்பிட்டதுக்கு இன்னிக்குத்தான் ஒரு சத்தம் வருது" என்றாய்.

பூங்கா திறப்பதற்குள் நீ போய்விட்டாய். மார் வலிக்கிறது என்று படுத்தவள்தான். உன் பாயையும் தலையணையையும் அந்தத் தட்டையும் சுருட்டிக்கொண்டு சித்தப்பா பழைய வழக்கப்படி ஏரிக்கு வந்தார். அங்கே கம்பிவேலி, விளக்கு, வாத்துப் படகு, பூலாம்பாடியிலிருந்து புதிதாக வந்த வாட்ச்மேன். "இங்க எதுவும் போடக்கூடாதுங்க பெரியவரே" என்றதும் மனுஷர் திகைத்து நின்றார். பாயையும் தலையணையையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். தட்டை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். என் வீட்டுப் பின்சுவரை இடித்து ஜன்னல் வைத்து, தினமும் அதில் தட்டோடு நின்று கூப்பிடுகிறேன். ஏன் என்று கேட்காதே. அந்த நேரத்தில் குரல் கேட்காவிட்டால் எனக்கு லைட்டைப் போடக் கை வரவில்லை.

நேற்று ஒரு கல்யாணத்துக்காக வரதராஜன்பேட்டை போய் ராத்திரி அங்கேயே தங்கிவிட்டேன், ஜன்னலில் நின்று கூப்பிட ஆளில்லை. இன்று காலை பஸ் இறங்கிக் கரை வழியாக வந்தபோது வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே நிறுத்தினார். அவருக்கு உன்னையும் தெரியாது, சேகரையும் தெரியாது.

"தெனம் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போவீங்களேம்மா, நேத்து ஒரே கூப்பாட்டுல வந்துட்டாரே உங்க தம்பி!"

"யாரு வந்தது?"

"ஆளப் பாக்கலைங்க, சத்தம்தான் கேட்டேன். நீங்க 'சோறு ஆறுது, வா'ன்னீங்க. 'இந்தா வந்துட்டேன்க்கா'ன்னு தண்ணிப் பக்கமிருந்து ஒரு ஆம்பளக் குரல். அப்புறம் நீங்க கூப்பிடவே இல்ல."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் பாதி அழுதேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாயே, நீ போய்ச்சேர்ந்த பிறகுதானா அவன் உன் கண்ணில் பட வேண்டும் என்று மீதி அழுதேன். அவன் இல்லை என்று ஊர் சொன்னபோதெல்லாம் உன்னோடு சேர்ந்து நானும் சண்டைக்குப் போனவள்தானே?

இப்போது விளக்கு வைக்கிற நேரம். வாத்துப் படகுகளைக் கட்டிவிட்டார்கள், தண்ணீர் அசையவில்லை. தட்டில் இரண்டு பேருக்குக் காணும்படி போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். சேற்று வாடை அடிக்கிறது, இருக்கட்டும். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் ஜன்னலைத் தாழ் போடவில்லை.

அக்கா, சோறு ஆறுது. அவனையும் கூட்டிக்கிட்டு வா.