கூப்பிடுகிற பக்கம்

அக்டோபர் 9, வியாழன்

ஆற்றோர ரக்பி மைதானத்தை எங்கள் குடிக்கே திருப்பித் தரப்போவதாகத் துணைவேந்தர் கோல்மன் அறிவித்தார். நான் கைதட்டவில்லை. முந்தைய துணைவேந்தரும் இதையேதான் சொன்னார். எங்கள் மாவோரி முன்னோர் கூமரா கிழங்கு போட்ட தோட்டம் அது. பள்ளிக்கூடம் கட்டவென்று அரசு எடுத்தது. கடைசியில் பல்கலைக்கழகத்திடம் வந்து சேர்ந்தது. கையெழுத்தாகட்டும், பார்க்கலாம்.

அக்டோபர் 20

விழா ஏற்பாட்டைச் சொன்னார்கள். பல்கலைக்கழகம் வரவேற்குமாம், எங்கள் ஜனங்கள் விருந்தினராக வாசலில் நிற்க வேண்டுமாம். அழைப்புக் குரல் கொடுத்து அவர்களை உள்ளே வரச்செய்வது — நான்! அங்கே மொழியியல் துறையில் பாடம் நடத்தும் எங்கள் பெண் நான் ஒருத்திதானே. எங்கள் வழக்கத்தில் கூப்பிடுவது நிலத்துக்காரர்களின் பெண்கள், வாசலில் காத்து நிற்பது வந்தவர்கள். இதுகூடத் தெரியாமலா நிலத்தைக் கொடுக்கிறார்கள்?

பெரியப்பா மகள் பரேகுரா அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நம்ம வீட்டுக்கு நம்மளயே விருந்தாளியா கூப்பிடுறாங்களா? நீ என்ன சொன்ன, டாக்டரம்மா?"

"கூப்பிடுறேன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி!"

"எந்தப் பக்கம் நின்னுன்னு சொல்லலையே, அக்கா."

நவம்பர் 13

என்ன திமிர் எனக்கு? நாளைக்கு விழாவுல அந்தக் கோல்மன் கோவிச்சுக்கிட்டுப் பத்திரத்தோட திரும்பிப் போயிட்டா? நான் இதுவரை சபையில் குரல் கொடுத்ததே இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலையிலேயே எல்லோரும் மைதானத்துக்குள் போய்விட்டோம். குழியில் சூடான கற்களின் மேல் இறைச்சியும் கிழங்கும் வைத்து மூடியாகிவிட்டது. கோல்மன் தன் ஆட்களோடு வந்தார். வாசலில் திகைத்து நின்றார். எங்களைப் பார்த்தார், தன் காலடியைப் பார்த்தார். புரிந்துகொண்டார் — தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

கூப்பிட்டேன். நடுவில் குரல் உடைந்தது. போகட்டும்! பின்னால் இருந்த பெண்கள் சேர்ந்து குரல் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்கள். வாசலில் நின்றவர்கள் மெல்ல நடந்து உள்ளே வந்தார்கள்.

கோல்மன் எங்கள் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து பேசினார், பாவம். 'இந்த நிலத்துக்கு மிஹி' என்று வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் 'மிமி' என்றார். சிறுநீர்!

பரேகுரா எழுந்தாள். "இத்தன வருஷமும் சொல்லாம செஞ்சீங்க. இப்பத்தான் வாயத் தொறந்து சொல்றீங்க!"

சிரிப்பில் மைதானமே அதிர்ந்தது. என்ன சொல்லித் தொலைத்தேன் என்று கோல்மன் என்னிடம் கேட்டார். சொன்னேன். முகம் சிவந்தது; பிறகு எங்களைவிட அதிகமாகச் சிரித்தார். சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

போட்டேவிட்டார்.

நவம்பர் 15

வயிறு இன்னும் வலிக்கிறது. சிரிப்பா, இறைச்சியா?

டிசம்பர் 11

கோல்கம்பத்தடியில் நாங்கள் நட்ட கூமரா வேர் பிடித்துவிட்டது. பரேகுரா அக்காவும் நானும் களை எடுத்துக்கொண்டிருந்தோம்.

"ஏய், உங்க துணைவேந்தர் வாசல்ல நிக்கிறாரு பாரு."

வாசல் திறந்துதான் கிடந்தது. பட்டமளிப்பு விழாவை இங்கே நடத்திக்கொள்ளலாமா என்று கேட்க வந்திருந்தாராம். தொப்பி கையில் இருந்தது.

கை முழுக்க மண். அப்படியே எழுந்து நின்று கூப்பிட்டேன். குரல் உடையவில்லை.